சாக்ஸ் கழற்றாத வீட்டுக்காரர்

9 ஜூன் 2025, திங்கள்

இன்றைக்குக் கம்பெனியில் வாசனை. பதினொரு வருஷமாக இந்த ஷெட்டில் உட்கார்ந்து அகல் விளக்குக்கும் பொம்மைக்கும் ஸ்பாஞ்சு வைத்து ஓரம் வழித்துக்கொண்டிருக்கிறேன். ஈர மண் வாசனையும் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்கிற பூங்கோதையின் கருவாட்டுக் குழம்பு வாசனையும் தவிர வேறொன்றை என் மூக்கு அறியாது. இப்போது புதுச்சேரியில் ஒரு மசாஜ் நிலையத்துக்காரர்கள் வாசனை விளக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறார்கள். கீழே மெழுகுவத்தி, மேலே சின்னக் கிண்ணம். கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி நான்கு சொட்டு எண்ணெய் விட்டால் அறை முழுக்க மணக்கும். சூட்டில் விரிசல் விடுகிறதா என்று சில விளக்குகளை ஏற்றிப் பார்க்கவேண்டும். அந்த வேலை எனக்கு. லாவண்டர் ஒரு பாட்டில், எலுமிச்சம்புல் ஒரு பாட்டில்.

மத்தியானம் வரை ஷெட்டில் எட்டுப் பெண்களில் ஒருத்தரும் சண்டை போடவில்லை. திங்கட்கிழமையில் இது நடந்ததே கிடையாது.

வீட்டுக்கு வந்தால் இவர் சாக்ஸோடு உட்கார்ந்து டீ குடிக்கிறார். தொழிற்பேட்டையில் அடுத்த தெருக் கம்பெனியில் சூளைக்குத் தட்டு அடுக்குகிற மனுஷன். விருத்தாசலத்து வெயிலில், ஒரு மாதமாக, வீட்டிலும் சாக்ஸ். கேட்டால் ஃபேஷனாம். ஐம்பத்திரண்டு வயதில் கொளஞ்சிநாதனுக்கு வந்த ஃபேஷனைப் பார்.

11 ஜூன், புதன்

மூன்று விளக்கு விரிசல். என் கழுத்து அதைவிட மோசம்.

14 ஜூன், சனி

விளக்கைப் பார்க்கப் புதுச்சேரி மசாஜ் நிலையத்திலிருந்து பிரபா மேடம் வந்தார். மேடம் என்றதும் ஏதோ பெரிய இடம் என்று பயந்தோம். வந்தவர் எங்களோடு தரையில் உட்கார்ந்து பூங்கோதையின் குழம்பையே வாங்கிச் சாப்பிட்டார். நான் கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு பேசுவதைப் பார்த்துவிட்டு, திரும்பி உட்காருங்க என்றார். தேங்காயெண்ணெயில் எலுமிச்சம்புல் எண்ணெய் இரண்டு சொட்டு. தனியாக அதைத் தோலில் விடக்கூடாதாம், எரியுமாம். கட்டைவிரலால் தோள்பட்டையில் ஒரு இடத்தைப் பிடித்தார் பார், எனக்குக் கண்ணில் தண்ணீர். வலியா, சுகமா? இரண்டும்தான்.

பிறகு பாதம். ரிஃப்ளெக்ஸாலஜி என்று பெயர். உள்ளங்காலில் உடம்பு முழுக்க இருக்கிறதாம்: கட்டைவிரலில் தலை, நடுவில் வயிறு, குதிகாலில் இடுப்பு. படம் போட்ட தாள் ஒன்று தந்தார். நிஜமா மேடம் என்று கேட்டேன். “அது எவ்வளவு நிஜம்னு டாக்டருங்க ஒத்துக்கறதில்லீங்க. ஆனா பிடிச்சுவிட்டா உடம்பு தளரும், நல்லாத் தூக்கம் வரும். மருந்த மட்டும் நிறுத்திடாதீங்க” என்றார். பொய் சொல்லாத பொம்பளை. பிடித்துப்போயிற்று.

சர்க்கரை இருக்கிறவர்களுக்கு மெதுவாகத்தான் பிடிக்கணும், புண் இருந்தால் தொடவே கூடாது, டாக்டரிடம் போகணும் என்று இன்னும் ஏதேதோ சொன்னார். நான் அப்போது பாதி தூக்கத்தில் இருந்தேன்.

17 ஜூன், செவ்வாய்

நேற்று பூங்கோதை எனக்குப் பிடித்தாள், நான் அவளுக்குப் பிடித்தேன். சாப்பாட்டு நேரத்தில் ஷெட்டே வைத்தியசாலை. வீரம்மாளக்கா படுத்ததும் குறட்டை விட்டாள். மேஸ்திரி எட்டிப் பார்த்துவிட்டு சத்தம் காட்டாமல் போய்விட்டார்.

எத்தனை வருஷத்துக்குப் பிறகோ விடியும் வரை தூங்கியிருக்கிறேன். கழுத்து இரண்டு பக்கமும் திரும்புகிறது. இனி பக்கத்துவீட்டுச் சண்டையை முழுசாகப் பார்க்கலாம்.

இவருக்கும் பிடித்துவிடலாம் என்று சாயங்காலம் தாளும் எண்ணெயுமாகப் போய் உட்கார்ந்தேன். இவருக்கு ஆறு வருஷமாகச் சர்க்கரை. காலை இழுத்துக்கொண்டார். “எனக்கு ஒண்ணும் வாணாம், போ.” சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். சிரிக்கவில்லை.

20 ஜூன், வெள்ளி

கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் ஒரு கைக்குட்டையைக்கூட அலசாத மனுஷன், குழாயடியில் உட்கார்ந்து தன் சாக்ஸைத் தானே துவைக்கிறார். என்னைப் பார்த்ததும் முதுகைத் திருப்பிக்கொண்டார். வாளித் தண்ணீர் வெள்ளையாக இருந்தது. சோப்பா?

பூங்கோதையிடம் சொன்னேன். சாக்ஸ் துவைக்கிற புருஷன் கிடைத்தால் பொத்திவைத்துக்கொள், கேள்வி கேட்காதே என்றாள்.

22 ஜூன், ஞாயிறு

பெண்ணாடம் போய்வந்தேன், தனியாக. இவருடைய அண்ணன் சாமிதுரை மாமாவைப் பார்க்க. தை மாதம் அவருக்குச் சர்க்கரைப் புண்ணில் வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தது இவர்தான். திரும்பி வந்ததிலிருந்து கால் என்ற பேச்செடுத்தாலே எழுந்துபோகிறார். இன்றைக்கும் கூப்பிட்டேன், வேலை இருக்கிறது என்றார். ஞாயிற்றுக்கிழமை என்ன வேலை?

மாமா நல்ல குஷியில் இருந்தார். ஊன்றுகோல் பிடித்துப் பிடித்து உள்ளங்கை காய்த்திருக்கிறது, அதற்கு எண்ணெய் போட்டுப் பிடித்துவிட்டேன். ஆலைச் சங்கு ஊதுகிற வரைக்கும் கையை எடுக்காதே என்றார். அவர் சம்சாரம் அக்காவும் நானும் சிரித்தோம். அப்புறம் தானாகவே சொன்னார்:

“முதல்ல ஒரு புளியங்கொட்ட அளவுதாம்மா இருந்துது. வலிக்கல. வலிக்காததக் கொண்டுபோயி யாருகிட்ட காட்டறதுன்னு சாக்ஸப் போட்டு மறைச்சிக்கினு திரிஞ்சேன்.”

பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தும் வெளியே பார்க்கவில்லை. சாக்ஸ். சாக்ஸ். நான் எவ்வளவு பெரிய முட்டாள்!

23 ஜூன், திங்கள்

நேற்று வந்ததும் நேராகவே கேட்டேன். காலைக் காட்டுங்கள் என்றேன். கத்தினார். வெளியே போய்விட்டார். கெஞ்சினால் கத்துகிறார், கத்தினால் எழுந்துபோகிறார். மனுஷரிடம் முறையிட்டு ஆகவில்லை.

அரைநாள் லீவு போட்டு மணவாளநல்லூர் போனேன். கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்ட. திருட்டுப் போனவர்கள், பங்காளிச் சண்டைக்காரர்கள் எல்லாம் தாளில் பிராது எழுதிக்கொண்டு நிற்கிறார்கள். பெயர், விலாசம், குறை எல்லாம் விவரமாக எழுதி, சாமி முன் வைத்து, முனியப்பர் சன்னதியில் கட்டிவிட்டு வரவேண்டும். மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம், அதற்குள் சாமி தீர்த்துவைக்கும். கொளஞ்சியப்பரிடம் கொளஞ்சி மேலேயே புகார் கொடுத்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். எழுதியது இவ்வளவுதான்: என் வீட்டுக்காரர் சாக்ஸைக் கழற்ற மாட்டேன் என்கிறார். காலைக் காட்ட வைக்கவும்.

பக்கத்தில் நின்று எட்டிப் படித்த ஆள் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும்.

26 ஜூன், வியாழன்

இவருக்குக் காலை ஷிப்டு. இரண்டு மணிக்கு வந்து சாப்பிட்டார். நான் கழுத்துவலி என்று பொய் சொல்லி வீட்டிலிருந்தேன். கால் வேண்டாம், கையை மட்டும் பிடித்துவிடுகிறேன் என்றேன். கைதானே என்று நீட்டினார். தட்டு தூக்கித் தூக்கி மரம் மாதிரி இருக்கிற கை. கம்பெனியில் ஒதுக்கிய விரிசல் விளக்கில் லாவண்டர் ஏற்றிவைத்தேன். விரல் விரலாக, அவசரமே இல்லாமல் பிடித்தேன். சூளைக்கு வந்த புது மேஸ்திரியைத் திட்டிக்கொண்டிருந்தார், பாதி வாக்கியத்தில் தூங்கிவிட்டார்.

சாக்ஸை மெல்லக் கழற்றினேன். இடது கால்.

வெள்ளை. உள்ளங்கால்ல, சுண்டுவிரலுக்குக் கீழ, வெள்ளையாக் காஞ்சுபோயி, ஒரு ரூபா அளவுக்கு — களிமண்ணு. பச்ச மண்ணுல விரிசல் வுட்டா கரைசல் பூசுவமே, அதேதான். ஒரு ஓரம் பேந்திருந்தது, உள்ள செவப்பு. நாத்தம். ஐயோ. கிட்ட விரல வச்சேன். முழிக்கல. பக்கத்துல அழுத்தினேன். அப்பவும் முழிக்கல. வலிக்கணும் இல்ல? இவ்ளோ பெரிய புண்ணுக்கு மனுஷன் துடிக்கணும் இல்ல? நிம்மதியாத் தூங்கறாரு.

நான் அழுத சத்தத்தில்தான் முழித்தார்.

பீங்கான் ஓடு குத்தியதாம். குத்தினதே தெரியாதாம், தரையில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரியுமாம். “விரிசல் வுட்டா கரைசல் பூசி அடைக்கறமா இல்லியா, அந்த மாதிரி அடைஞ்சிடும்னு பாத்தேன். காயறப்ப நல்லாத்தான் இருந்துது. அப்புறம் உதுந்துடுது. திரும்பப் பூசினேன்.”

“பூசின மண்ணு சூளைக்குப் போவுதுங்க. நீங்க எங்க போவப் போறீங்க?”

சொல்லியிருக்கக் கூடாது. அவர் முகம் விழுந்துவிட்டது. கழற்றிய சாக்ஸை எடுத்துச் சுருட்டிக்கொண்டே, “அண்ணன் காலை எடுத்தப்ப நான்தான் கையெழுத்து போட்டேன், திரௌபதி” என்றார். காலையில் ஆஸ்பத்திரிக்கு வருகிறேன் என்றார்.

27 ஜூன், வெள்ளி

காலை எடுக்கவில்லை. எடுக்க வேண்டியதும் இல்லை.

டாக்டரம்மா சின்ன வயசு. மண்ணைக் கழுவி எடுக்கவே அரைமணி நேரம். எலும்பு வரை போகவில்லை, இன்னும் பத்து நாள் போயிருந்தால் பேச்சே வேறு என்றார். மண் பூசியதற்கு இவரை நன்றாகத் திட்டினார். சூளைக்கே பயப்படாத மனுஷன் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். லாவண்டர், கை, தூக்கம் எல்லாம் சொன்னேன். சிரித்துவிட்டார். எந்த எண்ணெயும் சர்க்கரையைக் குறைக்காது, அதற்கு மாத்திரைதான். உணர்ச்சி போன காலில் அழுத்திப் பிடிக்கவும் கூடாது. ஆனால் தினம் ஒரு கை படுகிற காலில் புண் முதல் நாளே தெரிந்துவிடும் என்றார். தினமும் பாருங்கள், இரண்டு பேரும் என்றார்.

வரும் வழியில் கணக்குப் போட்டேன். பிராது கட்டிச் சரியாக மூன்றாம் நாள் சாக்ஸ் கழன்றிருக்கிறது.

3 ஜூலை, வியாழன்

கட்டு மாற்றினோம். வீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து டீவி சீரியல் கதை முழுக்க எனக்கே விளக்குகிறார்.

13 ஜூலை, ஞாயிறு

வாசனை விளக்கெல்லாம் புதுச்சேரிக்கு லாரி ஏறிவிட்டது. பிரபா மேடத்துக்குப் போன் செய்து எல்லாம் சொன்னேன். “புண் இருந்தா டாக்டர்கிட்ட போவணும்னு அன்னிக்கே சொன்னேனேம்மா” என்றார். தூங்கிட்டேன் மேடம் என்றேன்.

சாமிதுரை மாமா ஆட்டோ பிடித்து வந்திருந்தார். நான் காபி கொண்டுபோனபோது மாமா தம்பியின் கட்டுப்போட்ட காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். காபியை வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் வந்துவிட்டேன்.

3 ஆகஸ்ட், ஞாயிறு

ஆடிப்பெருக்கு. புண் மூடிவிட்டது, டாக்டரம்மா கைதட்டாத குறை. கோயிலுக்கு இரண்டு பேருமாகப் போய்ப் பிராதை வாபஸ் வாங்கினோம். தன் மேல்தான் பிராது என்று அங்கே வந்துதான் இவருக்குத் தெரியும். அவர் திட்டினது பாதி, சிரித்தது பாதி.

வேலைக்குப் போகும்போது இப்போது ஷூ. வந்ததும் கழற்றி, கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறார். அப்புறம் நான் பார்க்கிறேன். மெதுவாக எண்ணெய் தடவுகிறேன், விரலிடுக்கை விட்டுவிட்டு, டாக்டரம்மா சொன்ன மாதிரி.

10 ஆகஸ்ட், ஞாயிறு

இன்றைக்குப் பார்த்து முடித்ததும், “சரி, உன்னுத காட்டு” என்றார்.

நான் காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டேன். அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று எழுந்துவிட்டேன். பால் வைக்கவே இல்லை.

புருஷன் பொண்டாட்டி காலைத் தொடுவதா? அம்மி மேல் வைத்து மெட்டி போட்டாரே, அன்றைக்குத் தொட்டதோடு சரி. யாராவது பார்த்தால்? யார் பார்க்கப் போகிறார்கள், கதவு சாத்தித்தான் இருக்கிறது. அப்புறம் என்ன? தெரியவில்லை. வெடித்த குதிகால், மண் ஏறிய நகம், இதைப் போய் எப்படிக் காட்டுவது?

ஒரு மனுஷனை அதற்காகக் கோயில் வரைக்கும் இழுத்தவள்தான் நான்.

12 ஆகஸ்ட், செவ்வாய்

இன்றும் கேட்டார். இன்றும் பால்.

14 ஆகஸ்ட், வியாழன்

சாயங்காலம் எனக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துகொண்டார். கேட்கவில்லை. எண்ணெயைக் கையில் ஊற்றிச் சூடு பறக்கத் தேய்த்துக்கொண்டிருந்தார். சுவர் பக்கம் பார்த்துக்கொண்டு காலை நீட்டினேன்.

குதிகால் வெடிப்பில் காய்ந்திருந்த மண்ணை ஈரத் துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்து எடுத்தார். பிறகு எண்ணெய். அந்தத் தாளில் எந்த இடம் எதற்கு என்றெல்லாம் அவருக்குத் தெரியாது; தட்டு அடுக்குகிற கைக்குத் தெரிந்த மாதிரி பிடித்தார். எனக்குக் கூச்சமாக இருந்தது, சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகை வந்தது.

மெட்டியைத் திருப்பிப் பார்த்தவர் முகத்தைச் சுளித்தார். இரண்டாவது விரலில் ஆழமாகத் தடம் பதிந்து தோல் கன்றியிருந்தது. எத்தனை வருஷமாகவோ இறுகிக் கிடந்திருக்கிறது, நான் பார்த்ததே இல்லை. சோப்பு போட்டு, அந்த முரட்டுக் கையால், வலிக்காமல் உருவி எடுத்தார்.

“நாளைக்குக் கொஞ்சம் பெருசா ஒண்ணு வாங்கியாறேன்” என்றார்.

அளவுக்கு என் விரலில் ஒரு நூலைச் சுற்றி எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.