இறக்கும் இடம்

சரவணம்பட்டி,
மே 4.

அன்புள்ள மாமாவுக்கு,

இனியா எழுதுவது. நானும் குழந்தை அக்ஷிதாவும் இங்கே நலம். புனேயில் உங்கள் உடம்பும் வேலையும் நன்றாக இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் நாலு வரி எழுதினால் ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறீர்கள். அதனால்தான் மெயிலில் கடிதமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

வீட்டைக் காலி செய்து புனேக்குச் சாமான் ஏற்றிப் போகும் கம்பெனி பார்க்கச் சொன்னீர்கள். ஒரு வாரமாக அதுதான் எனக்கு முழுநேர வேலை. ஏதோ ஒரு வெப்சைட்டில் நம்பரைப் போட்டேன், பத்து நிமிஷத்தில் பதினோரு பேர் கூப்பிட்டுவிட்டார்கள். எல்லோரும் கோவையிலேயே தாங்கள்தான் முதல் கம்பெனி என்கிறார்கள். முதலிடத்தில் பதினோரு பேர் எப்படி நிற்கிறார்களோ தெரியவில்லை.

திங்கட்கிழமை ஒருவர் நீல டி-ஷர்ட்டில் வந்து சாமானையெல்லாம் அளந்து எழுதிக்கொண்டு போனார். புதன்கிழமை வேறொரு கம்பெனியிலிருந்து மஞ்சள் டி-ஷர்ட்டில் வந்தார்கள் என்று கதவைத் திறந்தால் அதே ஆள். காதில் அதே பேனா. நீங்கதானே முந்தாநாள் வந்தீங்க என்று கேட்டேன். அது வேற கம்பெனிங்க, இது வேற கம்பெனிங்க என்று கூச்சமே இல்லாமல் சொல்லிவிட்டு, பீரோவை மறுபடியும் அளந்தார். திங்கட்கிழமை ஆறடி இருந்த பீரோ புதன்கிழமை ஆறரை அடி ஆகிவிட்டது. இரண்டு நாளும் காபி போட்டுக் கொடுத்தேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

கம்பெனி ஆபீசை நேரில் போய்ப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதே என்று நீங்கள் சொன்னதை மறக்கவில்லை. தரம் பார்க்கிற வேலையிலேயே பதினைந்து வருஷம் ஓட்டியவர் சொன்னால் கேட்க வேண்டாமா. காந்திபுரத்தில் ஹெட் ஆபீஸ் என்று ஒருவர் முகவரி அனுப்பினார். வெயிலில் தேடிப் போனால் அது ஒரு ஜெராக்ஸ் கடை. கடைக்காரர் என்னைப் பார்த்ததும், லாரி கம்பெனியாங்க, இந்த வாரத்தில் நீங்க நாலாவது ஆளுங்க என்றார். அவர் பாவம், தண்ணீர் கொடுத்து அனுப்பினார்.

கல்லூரியில் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டேன். லேப்பில் என் இடத்துக்கு வேறு ஆள் தேட வேண்டும் என்று பிரின்சிபாலுக்கு வருத்தம். மனசு மாறினால் இருபதாம் தேதிக்குள் சொல்லும்மா என்றார். மாறாதுங்க சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டு ஓனரிடமும் மாதக் கடைசியில் காலி செய்வதாகச் சொல்லியாயிற்று. அடுத்துக் குடிவருகிறவர்கள் ஜன்னலுக்குத் திரைத்துணி அளவு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

முக்கியமான விஷயம். வருகிற ஆட்கள் எல்லோரும் மூன்று கேள்வி கேட்கிறார்கள். இறக்கும் இடம் எது, எத்தனையாவது மாடி, லிஃப்ட் இருக்கிறதா. மூன்றுக்கும் எங்க வீட்டுக்காரர் அனுப்புவாருங்க என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன். போன வாரமே கேட்டேன். சீக்கிரம் அனுப்புங்கள்.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

அன்புடன்,
இனியா

சரவணம்பட்டி,
மே 11.

அன்புள்ள மாமாவுக்கு,

முகவரி வந்து சேர்ந்தது. 704 என்று பார்த்ததும் அக்ஷிதாவுக்குத் தலைகால் புரியவில்லை. பிளேன் தெரிகிற மாதிரி உயரமான வீடு வேண்டும் என்று ஜனவரியில் நீங்கள் கிளம்பும்போது உங்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு கேட்டாளே, ஏழாவது மாடியே எடுத்துத் தருகிறேன் என்று சொன்னதைக் காப்பாற்றிவிட்டீர்கள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். ஏழு மாடி வரைந்து, மேலே நம் மூன்று பேரையும் நிற்க வைத்து, ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறாள். உங்களுக்கு மட்டும் மீசை மாடிக்கு வெளியே போகிறது.

இந்த வாரக் கூத்தைக் கேளுங்கள். ஒரு கம்பெனியிடம், ஏற்கெனவே உங்களிடம் சாமான் ஏற்றிய இரண்டு பேரின் நம்பர் கொடுங்கள் என்று கேட்டேன். உடனே கொடுத்தார்கள். இரண்டு பேரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள், ஒரு கண்ணாடி டம்ளர்கூட உடையலைங்க என்று. எந்த ஊருக்குப் போனீங்க என்று இரண்டாமவரைக் கேட்டேன். எந்த ஊருன்னு அவங்க சொன்னாங்க என்று என்னையே திருப்பிக் கேட்கிறார்.

அதைவிட மோசம், நானே செய்த முட்டாள்தனம். ஒரு கம்பெனிக்காரர் அரை மணி நேரம் போனை வைக்கவே இல்லை. முகத்தில் அடித்த மாதிரி வேண்டாம் என்று சொல்ல நமக்கு எங்கே வருகிறது. ஆகட்டுங்க, பார்த்துக்கலாங்க என்று சொல்லி வைத்தேன். நம் ஊரில் அதற்கு வேண்டாம் என்றுதான் அர்த்தம், குழந்தைக்குக்கூடத் தெரியும். அந்த ஆள் லாரியே புக் செய்துவிட்டேன் என்று தினமும் கூப்பிட்டுச் சண்டைக்கு வருகிறார். நேராகப் பேசப் பழகாமல் வளர்ந்ததற்கு இப்போது அனுபவிக்கிறேன்.

ஒரே ஒரு நல்ல செய்தி. மதுக்கரை ரோட்டில் கரீம் பாய் என்பவரின் லாரி ஷெட்டுக்கு இரண்டு பஸ் மாறிப் போய் வந்தேன். ஆபீசைப் பார்த்துக்கொள்வது அவர் மகள் சஃபியா, முப்பது வயது இருக்கும். சொந்த லாரி மூன்று நிற்கிறது, ஆர்சி புத்தகத்தையே எடுத்துக் காட்டினாள். கட்டுகிற ஆட்கள் மாதச் சம்பளத்துக்கு இருக்கிறார்கள். நீங்கள் சொன்ன சோதனை எல்லாவற்றிலும் தேறிவிட்டாள்.

ஆனால் நான் கேட்டதைவிட அவள்தான் என்னை அதிகம் கேட்டாள். வாசல் கேட்டின் அகலம் என்ன, பீரோ லிஃப்டில் நுழையுமா, ஞாயிற்றுக்கிழமை சாமான் இறக்க விடுவார்களா. அட்வான்ஸ் நீட்டினால் வாங்கவில்லை. இறக்கும் இடத்தில் போன் போட்டுப் பேசிவிட்டுத்தான் வாங்குவார்களாம், அவள் அப்பா காலத்திலிருந்து அதுதான் அவர்கள் வழக்கமாம். இருபத்தெட்டாம் தேதியை மட்டும் நமக்காகப் பென்சிலில் குறித்து வைத்திருக்கிறாள். எனக்கு உள்ளபடியே நிம்மதியாக இருந்தது.

இன்னொன்று. நேற்று வீடியோவில் ரொம்ப இளைத்துத் தெரிந்தீர்கள். எப்போது கூப்பிட்டாலும் அதே பச்சைச் சுவருக்கு முன்னால் நிற்கிறீர்கள், வீட்டைக் காட்டுங்கள் என்றால் சார்ஜ் இல்லை என்கிறீர்கள். வேலை நெருக்கடி என்று நினைத்துக்கொள்கிறேன். நான் வந்து நாலு நாள் சமைத்துப் போட்டால் சரியாகிவிடும்.

அம்மா கிணத்துக்கடவிலிருந்து இரண்டு கிலோ தேங்காய் எண்ணெய் கொடுத்துவிட்டிருக்கிறார். லாரியில் ஏற்றலாமா என்று சஃபியாவைக் கேட்க வேண்டும்.

அன்புடன்,
இனியா

சரவணம்பட்டி,
மே 16.

அன்புள்ள மாமாவுக்கு,

இன்று காலை சஃபியா கூப்பிட்டாள். நீங்கள் அனுப்பிய அபார்ட்மெண்டின் நம்பரைத் தேடி எடுத்து, அங்கே ஆபீசில் பேசியிருக்கிறாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“அக்கா, தப்பா நெனைச்சுக்காதீங்க. அந்தக் கட்டடத்துல மொத்தமே அஞ்சு மாடிதானுங்களாம். அண்ணன் அவசரத்துல நம்பர் மாத்திப் போட்டிருப்பாருங்க, கேட்டுச் சொல்லுங்க. ஒண்ணும் அவசரமில்லீங்க.”

உங்கள் பெயரைச் சொல்லியும் கேட்டிருக்கிறாள். அப்படி யாரும் குடியிருக்கவில்லை, வரப்போவதாகவும் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை என்றார்களாம். இதைச் சொல்லும்போது அவள் குரல் இறங்கிவிட்டது. நான் நம்பர்தாங்க மாறியிருக்கும் என்று சிரித்தேன். எப்படிச் சிரித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. போனை வைத்துவிட்டு, கட்டி வைத்த அட்டைப்பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

எனக்குக் கோபம் வருகிறது, மாமா. உடம்பெல்லாம் எரிகிற கோபம். இரண்டு வாரமாகக் கண்டவன் முகவரியையும் வெயிலில் அலைந்து சரிபார்த்தேன். ஜெராக்ஸ் கடை வரைக்கும் போய் நின்றேன். உங்கள் முகவரியை மட்டும் பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. தோன்றவில்லை என்பதும் பொய்தான். ஒன்று சொல்கிறேன். இங்கே வேலை பார்த்தபோதும் சரி, அங்கே போன புதிதிலும் சரி, வேலைக்கு உள்ளே போகும்போதே போனை வாசலில் லாக்கரில் வைத்துவிட வேண்டும் என்பீர்கள். ஒரு மணிக்கு முன்னால் கூப்பிட்டால் எடுக்கவே மாட்டீர்கள். மார்ச்சிலிருந்து காலை பதினோரு மணிக்குக் கூப்பிட்டாலும் முதல் மணியிலேயே எடுக்கிறீர்கள். எனக்கு அது அன்றைக்கே உறைத்தது. கேட்டால் உங்களுக்கு மரியாதைக் குறைச்சல் என்று கேட்காமல் இருந்தேன். நீங்களும் சொல்லாமல் இருந்தீர்கள். அந்த லாரிக்காரனிடம் ஆகட்டுங்க என்று சொன்ன மாதிரிதான் நாம் இரண்டு பேரும் மூன்று மாதமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இப்போது நேராகவே கேட்கிறேன். வேலை போய்விட்டதா?

போயிருந்தால் போகட்டும். அதற்காக நான் உங்களை ஒரு சொல் சொல்லமாட்டேன். ஆனால் வேறு வேலை கிடைத்துவிடும், அதற்குள் வீடும் பார்த்துவிடலாம் என்று நாளைத் தள்ளிக்கொண்டே போய், எங்களைச் சாமானோடு ஊர் தெரியாத தெருவில் நிறுத்தியிருப்பீர்களே. பாஷை தெரியாத இடத்தில், லாரி நிற்க, குழந்தையைப் பிடித்துக்கொண்டு நான் எந்த வாட்ச்மேனிடம் ஏழாவது மாடியைக் கேட்டிருப்பேன்? அதை நினைத்தால்தான் தாங்கவில்லை. அக்ஷிதாவிடம் கொடுத்த வாக்குக்காக 704 என்று எழுதியிருப்பீர்கள். அது எனக்குப் புரிகிறது, புரிவதால் கோபம் குறையவில்லை.

அவளிடம் நான் எதுவும் சொல்லவில்லை. படம் ஃப்ரிட்ஜில் அப்படியே இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் அவள் டிசியை நேற்றுத்தான் வாங்கினேன், கவரைக்கூடப் பிரிக்கவில்லை.

நிலைமை இதுதான். இந்த வீட்டை முப்பத்தொன்றாம் தேதி விட்டே ஆக வேண்டும், அதை மாற்ற முடியாது. கல்லூரி வேலையை இருபதாம் தேதிக்குள் கேட்டால் திருப்பித் தருவார்கள். இன்று பதினாறு. நான்கு நாளில் எனக்கு உண்மை தெரிய வேண்டும்.

சாயந்திரம் நானே சஃபியாவைத் திரும்பக் கூப்பிட்டேன். புனே இல்லாமல் கிணத்துக்கடவு என்றாலும் வண்டி வருமா என்று கேட்டேன். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை அவள். வருமுங்க அக்கா, சின்ன வண்டி போதுமுங்க என்றாள். இருபத்தெட்டாம் தேதி நமக்குத்தான், இறக்கும் இடம் என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறாளாம். அம்மா வீட்டு மாடி அறை சும்மாதான் கிடக்கிறது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. மாமியார் வீட்டில் இருப்பதா என்று உங்களுக்குச் சுருக்கென்று இருக்கும், தெரியும். அதையும் வாயைத் திறந்து சொல்லுங்கள், வேறு வீடு பார்ப்போம். புனேயில் நாலு பேரோடு ஒரே அறையில் இருந்து வேலை தேடுகிறேன் என்றால் அதையும் சொல்லுங்கள். இன்னும் கொஞ்ச நாள் தேடுங்கள், நாங்கள் இந்த ஊர்ப்பக்கமே இருக்கிறோம். ஊருக்கே வந்துவிடுகிறேன் என்றால் இன்றைக்கே ரயில் ஏறுங்கள்.

அந்தக் கட்டத்தில் எந்த ஊரை எழுதினாலும் பெட்டியைக் கட்டிக்கொண்டு வருவேன். இல்லாத மாடிக்கு மட்டும் எங்களைக் கூப்பிடாதீர்கள்.

நாளைக் காலை அக்ஷிதாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் பதினோரு மணிக்குக் கூப்பிடுவேன். எப்போதும்போல முதல் மணியிலேயே எடுங்கள், மாமா. அதற்கு முன் ஏதாவது சாப்பிட்டிருங்கள்.

என்றும் உங்கள்,
இனியா