மேனேஜர் வண்டியைத் தள்ளிவிட்டேன்

செவ்வாய்க்கிழமை.

வீட்டுக்கு வந்து இவ்வளவு நேரமாகியும் ஆத்திரம் அடங்கவில்லை.

நாங்கள் தோல் பதனிடும் ஷாப்பில் கண் கழுவ இருப்பது ஒரே ஒரு குழாய். மேனேஜர் சண்முகம் தினமும் அதை மறித்துத்தான் பைக்கை நிறுத்துகிறான். அங்கேதான் நிழலாம். எடுக்கச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது.

இன்று மதியம் தொட்டியிலிருந்து தோலை இழுக்கும்போது சுண்ணாம்புத் தண்ணீர் கூட வேலை பார்க்கும் ஜெசிந்தாவின் கண்ணில் தெறித்தது. "அக்கா, எரியுதுக்கா, ஒண்ணும் தெரியலக்கா" என்று அலறினாள். அவளை இழுத்துக்கொண்டு குழாய்க்கு ஓடினேன். குறுக்கே அந்த பைக். ஒரே தள்ளு, விழுந்தது. அவள் முகத்தைப் பிடித்துத் தண்ணீரில் காட்டினேன்.

சத்தம் கேட்டு ஓடி வந்தவன் முதலில் வண்டியைத்தான் தூக்கினான்.

"ஏய், ஒனக்குக் கண்ணு தெரியுதா இல்லையா?"

"எனக்குத் தெரியுது. இவளுக்குத் தெரியுதான்னு கேளுங்க."

கேட்கவில்லை. பைக் டேங்கைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

உடனே நன்றாகக் கழுவியதால்தான் பார்வை தப்பியது என்றார் கண் டாக்டர். அவளை வீட்டில் விட்டுவிட்டு ஷாப்புக்குத் திரும்பினால், வண்டி மறுபடி குழாயடியில் நிற்கிறது.

நாளைக்கும் அங்கேதான் நிறுத்துவான். இன்னொருத்தி அலறும்வரை காத்திருக்க மாட்டேன். போனதும் முதல் வேலையாகத் தள்ளிவிடுவேன்.