உனக்கு வராத தாள்கள்

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

நானும் மகளும் நலம். உன் இருமல் விட்டதா? போனில் கேட்டால் மழுப்புகிறாய், கடிதத்திலாவது உண்மையைச் சொல். சமையலறைக் குழாய் ஒழுகியதை நானே சரிபண்ணிவிட்டேன். வேலை வழக்கம்போலத்தான். துணிக்கடை லிஃப்ட் மறுபடியும் இரண்டு மாடிக்கு நடுவில் நின்று மக்கர் பண்ணுகிறது, நாளைக்கும் போய்ப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

இதைப் போனிலேயே சொல்லலாமே என்பாய். போன் எங்கே என் கைக்கு வருகிறது? நீயும் மகளும் பேசவே நேரம் போதவில்லை.

சிரிக்காமல் படி. எனக்கு உன்மேல் பொறாமையாக இருந்தது. இருந்தது என்ன, இருக்கிறது.

கல்லூரித் தரத்தில் வைக்கிறார்களே, அந்த மேல்நிலை ஆங்கிலத் தேர்வுக்கு மகள் பெயர் கொடுத்ததிலிருந்து இந்த வீட்டில் நான் வெறும் சமையல்காரன். அவள் எழுதுகிறாள், படம் பிடித்து உனக்கு அனுப்புகிறாள், நீ அத்தனை தூரத்தில் உன் கல்லூரியில் உட்கார்ந்து சிவப்புக் கோடு போட்டுத் திருப்பி அனுப்புகிறாய். உன்னிடமிருந்து ஒரு சபாஷ் வந்தால் போதும், மின்சாரம் வந்த வீடு மாதிரி அவள் முகம் வெளிச்சமாகிவிடுகிறது. நான் பார்த்துப் பார்த்துச் சமைத்துப் போட்டால் ஒரு "ம்".

அப்படி என்னதான் படிக்கிறாய் என்று ஒருநாள் அவளிடம் கேட்டேன். யாரோ பேசிய பேச்சைக் கொடுப்பார்களாம், அவர் கேட்பவர்களை எப்படி வளைத்துப் போட்டார் என்று பிரித்து எழுத வேண்டுமாம். இன்னொரு கேள்வியில் தானே ஒரு கட்சி எடுத்து வாதாட வேண்டுமாம். "உங்களுக்குப் போரடிக்கும்ப்பா" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். புரியாது என்று சொல்லாமல் போரடிக்கும் என்றாள் பார், அந்தப் பக்குவம் உன் வளர்ப்பு. அதற்கும் எனக்கு வயிறு எரிந்தது.

போன வாரம் அவளே தாளோடு சமையலறைக்கு வந்தாள். வாசிக்கிறேன், கேளுங்கள் என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். பள்ளிக்குள் போன் கொண்டுவர விடலாமா என்பது விஷயம். ஆங்கிலத்தில் ஒரு பத்தி, பிறகு தமிழில் அதன் சாரம் என்று வாசித்தாள். ஓரிடத்தில் நான் முழித்ததும் டக்கென்று பென்சிலால் வட்டம் போட்டாள். எதற்கு என்றேன். "அம்மாதான் சொன்னாங்க. அப்பாகிட்ட வாசிச்சுக் காட்டு, அவர் எங்க முழிக்கிறாரோ அங்க உன் வாதம் தெளிவா இல்லேன்னு."

சுருக்கென்றது. என் மகள் என் பக்கத்தில் வந்து உட்காரக்கூட அங்கிருந்து உன் சிபாரிசு வேண்டியிருக்கிறதே! "அம்மா சொல்லலேன்னா வந்திருக்கவே மாட்டே, இல்ல?" என்று கேட்டுவிட்டேன். கரண்டியை வேறு ணங்கென்று போட்டேன்.

அவள் அழவில்லை. உன்னை மாதிரியே விறைப்பாக நின்றாள். உள்ளே போய்க் குப்பைக்கூடையைத் தூக்கிவந்து என் முன்னால் வைத்தாள். வாய் வரைக்கும் கசக்கிய தாள்கள். "நல்லா வந்ததை மட்டும்தான் அம்மாவுக்கு அனுப்புறேன். நான் திணறுறது தெரிஞ்சா அவங்க அங்க தவிச்சுப் போயிடுவாங்க. இதையெல்லாம் கசக்கிப் போட்டப்ப கதவுக்கு வெளிய நீங்க நடக்குற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. அதக் கேட்டுத்தான் ஒவ்வொரு தடவையும் அடுத்த தாளை எடுத்தேன்" என்றாள்.

மறுபடி அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, மிச்சத்தை வாசி என்று மட்டும் சொன்னேன். அதன்பிறகு வேண்டுமென்றே இரண்டு இடத்தில் முழித்தேன், கண்டுபிடித்துத் திட்டினாள்.

இதைப் படிக்கும்போது உன் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதே. உனக்குத் தெரிந்ததாக அவளிடம் காட்டிக்கொள்ளாதே.

நேற்று தேர்வு முடிந்தது. வேனை நிறுத்திவிட்டுப் பள்ளி வாசலில் காத்திருந்தேன். வந்தவள் பையை என் கையில் திணித்துவிட்டு, என் சட்டைப்பையிலிருந்து போனை உருவி உன்னை அழைத்தாள். பிரமாதமாக எழுதியிருக்கிறேன் என்று குதித்தாள். வாசல் காவலாளி மாதிரி நின்றுகொண்டிருந்தேன். அதுவரைக்கும்தான் உனக்குத் தெரியும். போனை வைத்ததும் வேனில் ஏறிக்கொண்டு என் தோளில் முகத்தைப் புதைத்தாள். "கடைசிக் கேள்வியில சொதப்பிட்டேன்ப்பா" என்று விம்மினாள். பின்னால் வழி கேட்டுத் தெரு முழுக்க ஹாரன் அடித்தார்கள். நான் வண்டியை எடுக்கவில்லை.

பொறாமைப்பட வேண்டியது நீதான் என்று அப்போதுதான் உறைத்தது. ஆனால் அதில் எனக்கு ஜெயித்த மாதிரியே இல்லை.

முடிவு வரும்போது விடுப்பு கேட்டுப் பாரேன். தர மாட்டார்கள் என்று நீ சொல்வது தெரியும், இன்னொரு தடவை கேள். நல்லதோ கெட்டதோ, அவள் உன்னிடமே முதலில் சொல்லட்டும், உன் தோளிலேயே அழட்டும். நான் பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். சீக்கிரம் வா.

உன்னிடம் தோற்கக் காத்திருக்கும்,
உன் லிஃப்ட்காரன்