கப்பல் கொட்டிய வெந்நீர்

மச்சான்,

நேற்று அப்புத்தளை ஸ்டேஷனில் ரயில் என்ஜின் சுடுதண்ணீரைத் தண்டவாளத்தில் பீய்ச்சியது. குளிரில் நடுங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஓடிப்போய் அந்த ஆவியில் கையை நீட்டின. கரியும் எண்ணெயும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியது. பக்கத்தில் அக்கா நின்றிருந்தாள். உங்களோடு இத்தனை காலம் குடும்பம் நடத்தியவள், உங்கள் சாவுக்குக்கூட வாய்விட்டு அழாதவள். "வா தம்பி, போயிரலாம்" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள்.

தூத்துக்குடியிலிருந்து நாம் வந்த கப்பலைத்தான் அவளும் நினைத்திருப்பாள். மேல்தட்டில் மழையில் நனைந்து நனைந்து உங்கள் மகள் பொன்னுவுக்கு உதடு நீலம் பாய்ந்திருந்தது. கொழும்பில் நம்மைப் படகில் இறக்கிக் கரைக்குக் கொண்டுபோனார்கள். வழியில் வேறொரு பெரிய கப்பலை ஒட்டிப் படகு நின்றது. அதன் விலாவில் இருந்த ஓட்டையிலிருந்து அதே வாடையோடு வெதுவெதுப்பாகத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. நான் படகின் மறுமுனையில் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது நீங்கள் பொன்னுவை அந்தத் தண்ணீரில் காட்டிக்கொண்டிருந்தீர்கள். குழந்தை இரண்டு கையாலும் அள்ளி வாயில் வைத்துச் சிரித்தது.

சின்னப் படகில் வந்த காவல்காரன் ஒருவன் கையை ஆட்டி ஆட்டிச் சிங்களத்தில் கத்தினான். நமக்கு ஒரு எழவும் புரியவில்லை. உங்களுக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வருமே! "பாத்தியா இவன் திமிர? கூலிக்காரன் புள்ள குளிச்சா கடலு தீட்டாப் போயிருமா?" என்று சொல்லி, அவன் பார்க்கவே குழந்தையை இன்னும் கொஞ்ச நேரம் அதில் பிடித்தீர்கள். "அப்படிப் போடுங்க மச்சான்" என்று நானும் சேர்ந்துகொண்டேன்.

ரயில் அப்போது நானுஓயாவோடு நின்றுவிடும். அங்கிருந்து நடந்த வழியில் பொன்னுவுக்கு வாந்தியும் பேதியும் கண்டது. அப்புத்தளை வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பாதையோரத்தில் புதைத்துவிட்டு நடந்தோம். நம்மைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஓட்டிப்போன பாவி கங்காணி உட்கார்ந்து அழக்கூட விடவில்லை.

அந்தக் காவல்காரன் எதற்குக் கத்தினான் என்பது வருஷங்கள் கழித்துப் பதுளை அரிசிக்கடையில்தான் தெரிந்தது. கொழும்பிலிருந்து சரக்கோடு வந்த ஆள் துறைமுகத்துக் கதை பேசிக்கொண்டிருந்தான். "கப்பலுக்கு அடியில தேங்குற அழுக்குத் தண்ணிய துறைமுகத்துக்குள்ள கொட்டக் கூடாதுங்க. பீயி, எண்ணெ, செத்த எலி எல்லாம் அதுலதான். எவன் கொட்டுறான்னு பாக்க படகுல ஆளு சுத்துது. சனங்களக் கிட்ட விடாம வெரட்டுறதும் அவங்கதான்."

தூக்கிய மூட்டையை நீங்கள் அப்படியே இறக்கி வைத்தீர்கள். "அப்ப அவன் நம்ம புள்ளைக்காகவாடா கத்துனான்?" என்று என்னைக் கேட்டீர்கள். 

அதன் பிறகுதான் தோட்டத்துச் சனம் வாயில் நீங்கள் 'பீலித் தொரை' ஆனீர்கள். லயத்து வீட்டுச் சனம் தண்ணீர் பிடிக்கும் பீலிக் குழாய்க்கு மேலே ஓடையில் யாரும் துணி அலசிவிடக் கூடாது. கண்டால் ஓடிப்போய் நிற்பீர்கள். விரட்டுவதோடு விட்டாலாவது பரவாயில்லை, பக்கத்தில் குந்தி, காரணத்தைச் சொல்லி, அவர்கள் 'ஆமாங்க' என்று சொல்லும்வரை எழுந்திருக்கவே மாட்டீர்கள். "கத்துனா பத்தாதுடா, ஏன்னு சொல்லணும்" என்பீர்கள். தோட்டமே உங்களைக் கேலி பண்ணியது. நானும் பண்ணினேன்.

அரிசிக்கடையில் கேட்டதை அன்றே அக்காவிடமும் சொல்லிவிட்டீர்கள். ஆனால் அதன்பின் அவள் முகத்தை ஏறிட்டுப் பார்க்க மட்டும் உங்களால் முடியவில்லை. "அவ அதப் பத்தி ஒரு வார்த்த பேசியிருந்தா எனக்கு ஆறியிருக்கும்டா" என்று படுக்கையில் கிடந்தபோதும் சொன்னீர்கள். அவள் ஏசவும் இல்லை, தேற்றவும் இல்லை. என்ன நெஞ்சோ இவளுக்கு என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

நேற்று ஸ்டேஷனிலிருந்து திரும்பும்போது கேட்டேவிட்டேன். "அந்த மனுசன் எம் பாவம், எம் பாவம்னே செத்தாரு. ஒனக்கு ஒரு வார்த்த வரலியா அக்கா?"

தலைச்சுமையை இறக்கிவிட்டு அவள் பாதையோரக் கல்லில் உட்கார்ந்தாள்.

"அந்தச் சுடுதண்ணியில புள்ளயக் கொஞ்சம் காட்டுங்கன்னு சொன்னதே நான்தான் தம்பி. அவரு வேணாம்னுதான் சொன்னாரு. புள்ள வெறைச்சுச் சாகப்போவுதுன்னு நான்தான் சண்ட புடிச்சேன். அப்பறம் எல்லாம் தாஞ் செஞ்சதாவே பேசுனாரு. மறந்துட்டாருபோலன்னு நானும் வாயத் தொறக்கல. எப்படித் தொறப்பேன், சொல்லு?"

அவளை ஏச எனக்கு மனம் வரவில்லை, மச்சான். சுமையை நான் வாங்கிக்கொண்டேன். கொஞ்ச தூரம் நடந்த பிறகு என் பின்னாலிருந்து மெதுவாகக் கேட்டாள்: "நெசமாவே மறந்துதான் போனாரா தம்பி? இல்ல, தெரிஞ்சேதான் எம் பேரச் சொல்லாம இருந்தாரா?"

எல்லாரையும் உட்கார வைத்துக் காரணம் சொன்ன மனிதர் நீங்கள். இந்த ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லாமல் போனீர்களா? அக்கா இன்று காலையிலும் என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு நான் என்ன பதில் சொல்ல, மச்சான்?