சின்னக் காரின் பின் இருக்கை

இன்று காலை ஹட்டனில் மஸ்கெலியா பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். பக்கத்தில் ஒரு புதுக் கார் வந்து நின்றது. கோயிலில் பூசை போட்டுவிட்டு நேராக வந்திருக்க வேண்டும். டயரில் எலுமிச்சைத் தோல் ஒட்டியிருந்தது. கதவு திறந்ததும், இருக்கைகளின் மேல் கழற்றாமல் விட்டிருந்த பிளாஸ்டிக் உறையின் வாசனை வந்தது. நீ வந்து தோளைத் தட்டுவாய் என்று திரும்பிப் பார்த்தேன். நீ இப்போது இல்லை என்பது உடனே நினைவுக்கு வரவில்லை.

நம் தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்குக் கார் காலம் உன்னால்தான் தொடங்கியது. அதுவரை கார் என்றால் தோட்டத்தை நடத்தும் துரையின் கார். அது வந்தால் நாம் பாதையோர வடிகான் பக்கம் ஒதுங்கி நிற்க வேண்டும். நீ டவுனில் இருந்த கார் கம்பனியில் விற்பனைக்காரனாகச் சேர்ந்து, அந்தச் சின்னக் காரைத் தேர்த் திருவிழாவுக்கே ஓட்டிக்கொண்டு வந்தாய். நான்கு கதவுகளையும் திறந்துவைத்து, கொழுந்து பறிக்கும் பெண்களைக் கூப்பிட்டாய்.

"ஏறி உக்காந்து பாருங்கக்கா."

"வேணாண்ணே, காலெல்லாம் மண்ணா இருக்கு."

"மண்ணு தொடச்சா போயிரும். ஏறுங்க."

அந்த அக்கா ஏறி, சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டார். அவர் புருஷன் பதறிப்போனான். "எறங்கு புள்ள! அப்பறம் நாளைக்குக் காலையில பேரு போடுற பெரட்டுக்குக் காருலதான் போவேன்னு நிப்ப!" கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பிலேயே இரண்டு பேர் உன்னிடம் விலை கேட்டார்கள்.

விளம்பர வாசகம் எழுத நீ என்னைத்தான் பிடித்தாய். பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்தவனுக்கு வியாபாரம் என்ன தெரியும்? பலமுறை அடித்துத் திருத்தி எழுதினேன்: 'துரைமாருக்கு மட்டுமா சொகுசு? இனி உங்கள் வாசலிலும்.' உனக்குப் பிடித்துவிட்டது. எனக்குத்தான் 'வாசல்' என்ற சொல் உறுத்தியது.

"நம்ம லயத்து வீட்டு வாசலுக்கு எங்கடா பாதை இருக்கு? மேல ரோட்டுலருந்து படிதானே இருக்கு?" என்று கேட்டேன்.

"கார் வந்துட்டா பாதை தன்னால வரும்டா மாஸ்டரு. காரு மேல ரோட்டுல நிக்கிறதப் பாத்துட்டு தோட்டத்துல சும்மா இருப்பாங்களா?"

நீ அதை மனதார நம்பினாய். நம்பியதால்தான் உன்னால் விற்க முடிந்தது. நீயும் ஒன்று வாங்கினாய். கார்கள் வந்தன; மேலே கோயிலடியில் தார்ப்பாய் போர்த்தி வரிசையாக நின்றன. வாங்கியவர்கள் வழக்கம்போலக் குடை பிடித்துப் படியிறங்கி லயத்துக்குப் போனார்கள். பாதை கேட்டு நீ ஒவ்வொரு மனேஜரிடமும் போனாய். பாதைக்காகத் தேயிலைச் செடி பிடுங்க முடியாது என்று ஒவ்வொருவரும் மரியாதையாகவே சொன்னார்கள். கடைசியில் நீ கேட்பதை விட்டுவிட்டாய். நான் அதற்கு முன்பே விட்டிருந்தேன்.

காரில் போகும்போதெல்லாம் நான் முன்னால் ஏறுவேன். நீ திட்டுவாய். "பின்னால உக்காருடா. சொகுசு பின்னாலதான் இருக்கு. ஒன்னத் தொரை மாதிரி கூட்டிட்டுப் போறேன்." எனக்குக் கூச்சம். பின்னால் சாய்ந்து உட்காரும் உடம்பு என்னுடையது இல்லை என்று தோன்றும்.

ஒருநாள் மத்தியானம் லயத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீ விழுந்தபோது நல்ல மழை. உன் கார் மேலேதான் நின்றது. கம்பளியில் உன்னைக் கிடத்தி நாலு பேர் தூக்கினோம். படியெல்லாம் வழுக்கியது. இரண்டு இடத்தில் உன்னைக் கீழே இறக்கிவைத்து, மூச்சு வாங்கிக்கொண்டுதான் மறுபடி தூக்க முடிந்தது. மேலே போய்ச் சேர்ந்தபோது நம்மோடு கம்பளியும் நனைந்து கனத்திருந்தது. காருக்குள் மட்டும் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

உன் மகன் ஓட்டினான். உன் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். வழியில் நோர்வூட் வருவதற்கு முன் நீ கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய்.

"பின்னால உக்காந்துட்டியேடா மாஸ்டரு."

அதற்குப் பிறகு நீ பேசவில்லை. வைத்தியசாலையில் எங்களுக்குச் செய்ய ஒன்றும் மிச்சமிருக்கவில்லை.

பாதை இன்னும் வரவில்லை. வரும் என்று நான் நினைக்கவும் இல்லை. உன் கார் கோயிலடியில் தார்ப்பாய்க்குக் கீழே நிற்கிறது. மகன் கொழும்புக்குப் போய்விட்டான். இன்று பஸ்ஸில் பின்பக்கம்தான் இடம் கிடைத்தது. நோர்வூட் வளைவில் என் இரண்டு கைகளும் மடியில் எதையோ தாங்கிப் பிடித்திருந்தன. மஸ்கெலியாவில் இறங்கும்வரை அவற்றை நான் எடுக்கவில்லை.