கடைசி வரிசையில் ஒரு பெயர்

தோயாமா
9 நவம்பர் 1996

அன்புள்ள மிசாவோவுக்கு,

இங்கே மலை பனியில் பாதி வெளுத்துவிட்டது. ஹாகோதாதேயில் நீ விறகடுப்பை எப்போதோ மூட்டியிருப்பாய். முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

வருடக் கடைசியில் வீட்டைத் துடைக்கும்போது முதல் கதையின் தொடர்ச்சியான இரண்டாவது நாவலின் கையெழுத்துப் பிரதியையும் எரித்துவிடப் போவதாக எழுதியிருந்தாய். முந்நூறு பேர்கூடப் படிக்காதவளுக்கு இன்னொரு நாவல் எதற்கு என்று கேட்டிருந்தாய். பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது. சோம்பலால் அல்ல.

எங்கள் நூலகத்துக்கு இது ஐம்பதாவது ஆண்டு. உலக இலக்கியத்தில் அதிகச் செல்வாக்குள்ள எழுத்தாளர்கள் யார் என்று வாசகர்களிடம் சீட்டு வாங்கி, சுமோ மல்லர்களின் வரிசைத் தாளைப்போலவே எழுதி வாசலில் மாட்ட முடிவு செய்தோம். உச்சியில் தடித்த எழுத்து. இறங்க இறங்க மெலிந்து, கடைசி வரிசையைப் படிக்க உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும். சீட்டுகளை எண்ணியது நான்.

ஆசிய எழுத்தாளர்கள் தாளின் கிழக்குப் பக்கம், ஐரோப்பியர்கள் மேற்குப் பக்கம் என்றார் விழாக் குழுத் தலைவர் குராமோச்சி. எல்லாரும் தலையாட்டினோம். தாளை எழுத வந்தவர் இசுருகி சான், பெயர்ப்பலகை எழுதி ஓய்வு பெற்றவர். தூரிகையைக் கீழே வைத்துவிட்டு அவர் சிரித்தார். "தலைவரே, நீங்க சுமோ பாக்கறதே இல்லையா? ஒரே தரம்னாலும் கிழக்குக்காரன்தான் ஒரு படி ஒசத்தி. இதை மாட்டினா ஐரோப்பா முழுக்க நமக்குக் கீழேன்னு ஆயிரும்!" "இருந்துட்டுப் போகட்டுமே, ஒரு மாசந்தானே?" என்றார் குராமோச்சி. ஒரு வாரம் சண்டை. கடைசியில் நாடு பார்க்காமல், வாங்கிய ஓட்டுப்படி இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி நிரப்பினோம்.

சண்டை ஓய்ந்த அன்று இசுருகி சான் என் மேசைக்கு வந்தார். "கினுகோ சான், நான் போட்ட பேரு பட்டியல்ல இல்லையே. சீட்டு எங்கேங்க போச்சு?"

அது உன் பெயர், மிசாவோ.

அந்தச் சீட்டை நான்தான் இழுப்பறையில் போட்டிருந்தேன். ஒரே ஒரு ஓட்டு, அதுவும் நீ இந்த ஊரில் பிறந்தவள். பட்டியலில் சேர்த்தால் சிரிப்பார்கள், அவமானம் உனக்குத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் ஒரே ஓட்டு வாங்கிய வேறு பதினொரு பேரைச் சேர்த்திருந்தேனே! நாம் சேர்ந்து நடத்திய சிற்றிதழோடு நான் எழுதுவதை விட்டேன், நீ விடவில்லை. இருபது வருடமாக அதற்காக உன்னை நான் மன்னிக்கவே இல்லை என்று அந்த மேசையருகேதான் தெரிந்துகொண்டேன்.

இழுப்பறையைத் திறந்து அவர் சீட்டை அவரிடமே கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். ஏன் இந்தப் பெயர் என்றும் கேட்டேன்.

"பொண்டாட்டி போனப்புறம் எட்டு மாசம் கடைச் சோறுதாங்க. அரிசி டப்பாவைத் தொறக்கவே பயம். இவங்க நாவல்ல வர்ற அந்தம்மா, புருஷன் போனப்புறம் முதல் தடவையா ஓராளுக்கு மட்டும் அரிசி அளக்கறாங்க பாருங்க, கை பழக்கத்துல ரெண்டாளுக்குப் போட்டுட்டு, திருப்பிக் கொட்டி... அதைப் படிச்ச மறுநாள் நானும் அளந்தேன். மேல் வரிசையில இருக்கற பெரியவங்க யாரும் என்னை அடுப்புக்கிட்ட போக வைக்கலீங்களே."

மயிரிழைத் தூரிகையால் கடைசி வரிசையில் உன் பெயரை எழுதினார். அதற்கு மட்டும் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். குராமோச்சி தாளைப் பார்த்துத் தலையாட்டினார். அவருக்கு அந்த வரிசை கண்ணுக்குத் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

தாளின் பிரதியையும் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியையும் இத்துடன் அனுப்புகிறேன். கண்ணாடி நூலகத்துடையது, நீதான் கொண்டுவந்து திருப்பித் தரவேண்டும்.

இசுருகி சான் இப்போது தினமும் வந்து என்னைக் கேட்கிறார்: "அந்தம்மா அப்புறம் எப்பவாச்சும் ரெண்டாளுக்கு அரிசி அளந்தாங்களா?" எனக்கு எப்படித் தெரியும்? அது நீ எரிக்கப் போகிற கையெழுத்துப் பிரதிக்குள் அல்லவா இருக்கிறது.

முழங்காலுக்குச் சூடு காட்டு. நன்றாகத் தூங்கு. அடுப்புக்கு விறகு மட்டும் போதும், மிசாவோ.

உன் மன்னிப்புக்குக் காத்திருக்கும்,
கினுகோ