ராயபுரம் வரதனின் முகம்

2 மே 1931, சனி

பெரம்பூர் ஒர்க்‌ஷாப்பில் அரை நாள். மூன்று ரயில் பெட்டிகளுக்கு எண் எழுதி முடித்தேன். நூல் பிடிக்காமல் நேராக எழுத என்னை விட்டால் அங்கே ஆளில்லை. மாலையில் ராயபுரத்துக்காரர்களோடு பந்தாட்டம். ஐந்து தடவை கோலுக்கு அடித்தேன். ஐந்தையும் அவர்கள் கோல்கீப்பர் வரதன் பிடித்தான். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். பந்து வரும்போது கண்ணைக்கூட சிமிட்டுவதில்லை. சரியான கல்லுளிமங்கன்.

3 மே, ஞாயிறு

பௌத்த மண்டபத்தில் பஞ்சசீலம் சொல்லி முடித்ததும் காரியதரிசி நீலமேகம் ஐயா கூப்பிட்டார். "வைகாசி பௌர்ணமிக்கு ஆளுயரத்துல புத்த பகவான் படம் வேணும். உன்னால ஆவுமா?"

என்னாலா? ரயில் நீளத்துக்கு எழுதுகிறவனுக்கு ஆளுயரம் எம்மாத்திரம்.

17 மே, ஞாயிறு

உடம்பு, சீவர உடை, அரசமரம் எல்லாம் பிரமாதம். முகம்தான் வரமாட்டேன் என்கிறது. மூன்று முறை சுரண்டிவிட்டேன். முதலில் வந்தது காலண்டர் முகம். அடுத்தது கல்யாண மாப்பிள்ளை. மூன்றாவதைப் பார்த்து என் பெண்டாட்டி ராஜாத்தி, "பல்லு வலிக்காரன் மாரி கீது" என்றாள். சிரிப்பு வேறு.

சாந்தத்தை நான் எங்கே போய்ப் பார்ப்பது? புளியந்தோப்புக் குழாயடியிலா, டிராமிலா? இந்தப் பட்டணத்தில் யார் முகமும் ஒரு நிமிஷம் சும்மா இருப்பதில்லை.

23 மே, சனி

முகம் வந்துவிட்டது. ஒரே மூச்சில்.

24 மே, ஞாயிறு

காலை வெளிச்சத்தில் பார்த்தேன். வரதன். மூக்கு, தாடை, இமை — அவனேதான். சுரண்டக் கத்தியை எடுத்தேன், வைத்தேன், திரும்ப எடுத்தேன். அதற்குள் நீலமேகம் ஐயா வந்து பார்த்துவிட்டார். கைகூப்பி நின்றார். இனி எப்படி அழிப்பது? வரும் சனிக்கிழமை ராயபுரத்தோடு கோப்பைக்கான இறுதி ஆட்டம். கும்பிடப்போகிற முகத்துக்கு எதிரே நின்று நான் பந்தை அடிக்கணுமா? நல்லா மாட்டிக்கினேன்.

30 மே, சனி

ஒன்றுக்கு ஒன்று. கடைசி நிமிஷத்தில் எங்களுக்குப் பெனால்டி. நான்தான் அடித்தேன். வரதன் அசையாமல் நின்றான். ஆனால் அந்தக் கண்ணைத் தீட்டியவன் நான். இடது இமை மயிரிழை இறங்கியதுமே இடது பக்கம் பாயப்போகிறான் என்று தெரிந்துவிட்டது. வலது பக்கம் அடித்தேன். கோல். கோப்பை எங்களுக்கு.

அவனே என்னிடம் வந்தான். "இன்னா மாமு, அல்லாரும் பந்தப் பாப்பானுங்க. நீ என் மூஞ்சியவே பாத்துகினு கீறே?"

"நாளைக்கு எங்க மண்டபத்துக்கு வா, சொல்றேன்."

அவன் தயங்கினான். "எங்க குப்பத்து ஆளுங்க உங்க சேரிப் பக்கம் வந்து கை நனைக்க மாட்டாங்க, மாமு. தப்பா நெனச்சுக்காத."

தப்பாகத்தான் நினைத்தேன். கோப்பை ஜெயித்த சந்தோஷம் பாதி போயிற்று.

31 மே, ஞாயிறு. பௌர்ணமி

வந்தான். வெளுத்த சட்டை, படிய வாரிய தலை. படத்துக்கு முன்னால் ஒரே கூட்டம். பின்னால் நின்றே பார்த்தான். தன் முகம் என்று கண்டுபிடித்து என்னை உதைக்கப்போகிறான் என்று ஒதுங்கி நின்றேன். வெகுநேரம் பார்த்தான்.

"எங்க நைனா மாரியே கீறாரு," என்றான். "நான் சின்னதா இருந்தப்போ கட்டுமரத்துல போனாரு. வரவே இல்ல."

ஐந்து பந்துக்கும் அசையாத முகம். அப்படியே உடைந்து அழுதான்.

அது நீதானடா என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. பாயசம் போடும்போது பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தான். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான்.